தொட்டி காலியாகவில்லையா, நாறுகிறதா, புழு நெளிகிறதா? கோளாறைக் கண்டுபிடிப்பது இப்படி

மறுசுழற்சித் தொட்டி ஒன்று, உணவுக்கழிவுத் தொட்டி ஒன்று என்று வீட்டுக்கு வந்துவிட்டால் கூடவே சில தொல்லைகளும் வந்து சேரும். வண்டி வந்து போன பிறகும் தொட்டி நிறைந்தபடியே நிற்கும், மூடியில் ஏதோ சீட்டு ஒட்டியிருக்கும், திறந்து பார்த்தால் புழு. உடனே போனை எடுத்துப் புகார் செய்யத்தான் தோன்றும். அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். பெரும்பாலான கோளாறுகளின் காரணம் தொட்டிக்குள்ளேயோ அது நிற்கிற இடத்திலேயோ தெரிந்துவிடும். காரணம் தெரிந்தால் அடுத்த வாரமே சரிசெய்துவிடலாம். தெரியாமல் புகார் மட்டும் கொடுத்தால், ஒரு தடவை வந்து எடுத்துவிட்டுப் போவார்கள், அதற்கடுத்த வாரம் மறுபடி அதே கதை.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். எடுக்க வருகிறவருக்கு உங்கள் வாசலில் கிடைப்பது சில நொடிகள்தான். மூடியைத் தூக்குவார், மேலே என்ன தெரிகிறதோ அதைப் பார்ப்பார், எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவர் கண்ணால் உங்கள் தொட்டியைப் பார்க்கப் பழகினால் கீழே சொல்லப்போவதில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும்.

எந்தப் பொருளை எந்தத் தொட்டியில் போடுவது என்பது ஊருக்கு ஊர் மாறும், ஏனென்றால் பிரிக்கும் ஆலைகளும் உணவுக்கழிவைக் கையாளும் முறையும் ஊருக்கு ஊர் வேறு. அதனால் இங்கே சொல்வதும் உங்கள் உள்ளாட்சி கொடுத்த பட்டியலும் முரண்பட்டால் அந்தப் பட்டியல் சொல்வதையே செய்யுங்கள்.

வண்டி வந்து போய்விட்டது, தொட்டி அப்படியே இருக்கிறது

முதலில் தெருவைப் பாருங்கள். தெரு முழுக்கத் தொட்டிகள் நிறைந்து நின்றால் கோளாறு உங்களுடையது இல்லை. வண்டி பழுதாகியிருக்கலாம், ஆள் பற்றாக்குறையாக இருக்கலாம், யாரோ காரைக் குறுக்கே நிறுத்தியதால் வண்டி திரும்ப முடியாமல் போயிருக்கலாம். குப்பை லாரி நீளமானது, ஒரு முனையில் கார் ஒன்று அரை மீட்டர் தள்ளி நின்றாலும் முழுத் தெருவும் விட்டுப்போகும். இப்படி விட்டால் பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாளோ திரும்ப வருவார்கள், அதனால் தொட்டியை உள்ளே இழுத்துவிடாமல் வெளியிலேயே விட்டுவையுங்கள். இழுத்து உள்ளே வைத்துவிட்டால், இரண்டாவது தடவை வண்டி வரும்போது உங்கள் வீட்டுத் தொட்டி வெளியே இருக்காது.

பக்கத்து வீடுகளெல்லாம் காலியாகி உங்களுடையது மட்டும் நிற்கிறதா? அப்போது வரிசையாகப் பாருங்கள். எந்தத் தொட்டிக்கு எந்த வாரம் என்பதைச் சரிபாருங்கள், ஏனென்றால் மறுசுழற்சியை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எடுக்கும் ஊர்களில் விடுமுறை வாரம் ஒன்று குறுக்கே வந்தாலே கணக்கு புரண்டுவிடும். அப்புறம் நேரம். வண்டி எப்போதும் பத்து மணிக்குத்தான் வரும் என்று நம்பி ஒன்பதரைக்கு வைக்கிறவர்கள் நிறையப் பேர். பாதையை மாற்றியமைத்த அன்று அதே வண்டி ஆறரைக்கே வந்துவிடும். அறிவிப்பில் என்ன மணி போட்டிருக்கிறதோ அதற்கு முன்னால், முடிந்தால் முந்தின இரவே, வெளியே வைப்பதுதான் பாதுகாப்பு.

நேரமும் சரி, நாளும் சரி என்றால் இடத்தைப் பாருங்கள். தொட்டி கேட்டுக்கு உள்ளே நிற்கிறதா, செடிக்குப் பின்னால் மறைந்திருக்கிறதா, நிறுத்தியிருக்கும் இரண்டு வண்டிகளுக்கு இடையில் சிக்கியிருக்கிறதா? பக்கவாட்டில் இயந்திரக் கை நீட்டித் தூக்கும் வண்டியானால் தொட்டியைச் சுற்றி இடம் வேண்டும், மரமும் கம்பமும் தடுக்கக் கூடாது, மூடி திறக்கும் பக்கம் சொன்னபடி திரும்பியிருக்க வேண்டும். உணவுக்கழிவுத் தொட்டிக்கு இன்னொரு சிக்கல் உண்டு: அது சின்னது. பெரிய தொட்டிக்குப் பின்னால் வைத்தால் கண்ணிலேயே படாது. அதைப் பெரிய தொட்டிக்கு முன்னால், பாதை ஓரமாக வையுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துபோகும் புகார்கள் எனக்குத் தெரிந்து நிறைய.

எல்லாம் சரியாக இருந்தும் எடுக்கவில்லை என்றால் எடையும் மூடியும் மிச்சம். மூடி மூடாத அளவுக்கு நிறைந்திருந்தால் தூக்கும்போது தெருவில் கொட்டும் என்று பல ஊர்களில் விட்டுவிடுவார்கள். மறுசுழற்சித் தொட்டியில் புத்தகங்களை அடுக்கினால், பார்க்க அரைத் தொட்டிதான் இருக்கும், நகர்த்தவே முடியாது. எடுக்கிறவர் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தொட்டிகளை இழுக்கிறார், அவர் முதுகையும் நினைத்துப் பார்த்துப் புத்தகக் கட்டை இரண்டு மூன்று வாரமாகப் பிரித்துப் போடுங்கள்.

தொட்டியில் சீட்டு ஒட்டியிருக்கிறது: "கலப்படம்"

சீட்டைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதில்தான் விடை இருக்கிறது. என்ன பொருள் தவறு என்று சில சீட்டுகளில் டிக் அடித்திருப்பார்கள். எதுவும் எழுதவில்லை என்றால் தொட்டியின் மேல் அடுக்கைப் பாருங்கள். அவர் பார்த்தது அதைத்தான்.

அதிகம் சிக்குவது பிளாஸ்டிக் பை. நல்ல மனதோடு சுத்தமான பாட்டில்களையெல்லாம் ஒரு கறுப்புப் பையில் கட்டித் தொட்டிக்குள் வைப்பார்கள். எடுக்கிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, அதனால் சாதாரணக் குப்பை என்று எடுத்துக்கொள்வார். அவர் எடுத்துவிட்டாலும் ஆலையில் வேறு பிரச்சினை. பிரிக்கும் ஆலைகளில் சுழலும் உருளைகள் மேல்தான் எல்லாப் பொருளும் ஓடும். மெல்லிய பை அந்த உருளைகளில் சுற்றிக்கொள்ளும், நேரமாக ஆக இறுகும், கடைசியில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் உள்ளே ஏறி கத்தியால் அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். ஆபத்தான வேலை அது. பைக்குள் கட்டாமல் பொருட்களை அப்படியே தொட்டியில் கொட்டுங்கள். பைகளைத் தனியாக வாங்கிக்கொள்ளும் இடம் இருந்தால் அங்கே கொடுங்கள்.

அடுத்தது சாப்பாடு ஒட்டிய பொருள். பாட்டிலைச் சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒரு தடவை அலசி, கவிழ்த்து, வடியவிட்டால் போதும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்றால், பாட்டிலில் மிச்சமிருக்கும் கொஞ்சம் பானம் லாரியில் நசுங்கும்போது பக்கத்தில் இருக்கும் காகிதம் மீது கொட்டும். காகிதம் நனைந்தால் மதிப்பு போச்சு. எண்ணெய் ஊறிய அட்டை இன்னும் மோசம், காகிதத்தைத் தண்ணீரில் கூழாக்கும்போது எண்ணெய் நாரிலிருந்து பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் பட்ட பகுதியைக் கிழித்து, உங்கள் ஊரில் அனுமதி இருந்தால் உணவுக்கழிவில் போட்டுவிட்டு, சுத்தமான மிச்சத்தை மறுசுழற்சிக்கு அனுப்புங்கள். காகித நார் 5 முதல் 7 தடவை வரைதான் மறுசுழற்சியைத் தாங்கும், அதற்குள் குட்டையாகிவிடும். அதனால் நல்ல அட்டையை எண்ணெயில் கெடுப்பது உண்மையிலேயே இழப்பு.

"அடியில் முக்கோணத்துக்குள் எண் போட்டிருக்கிறதே, அப்படியென்றால் மறுசுழற்சி ஆகும்தானே?" இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும் சொல்கிறது. 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் அமைப்பு ஒன்று, எந்தப் பொருள் எந்த வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது என்று பிரிக்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று 1 முதல் 7 வரை எண் கொடுத்தது. 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டில் வகை. 2 ஷாம்பு பாட்டில், பால் கேன் போன்ற கெட்டி வகை. இந்த இரண்டையும் பல ஊர்களில் எடுத்துக்கொள்வார்கள். 3, 6, 7 போட்ட பொருட்களைப் பெரும்பாலான வீட்டுச் சேகரிப்பில் எடுப்பதில்லை. எண்ணைப் பார்க்காதீர்கள், உங்கள் ஊர்ப் பட்டியலில் அந்தப் பொருள் இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டியலில் பிளாஸ்டிக் தட்டு உண்டு என்று இருந்தும் கறுப்புத் தட்டு மட்டும் திரும்பி வருகிறதென்றால் அதற்குக் காரணம் நிறம். ஆலையில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளியை வைத்துப் பிளாஸ்டிக்கின் வகையைக் கண்டுபிடிப்பார்கள். கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கார்பன் கரி அந்த ஒளியை விழுங்கிவிடும், இயந்திரத்தின் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி.

கண்ணாடியிலும் ஒன்று கவனியுங்கள். பாட்டில், ஜாடி சரி. அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம், குடிக்கும் டம்ளர், பீங்கான் எதுவும் சேரக் கூடாது. அடுப்புக் கண்ணாடி வேறு கலவை, பாட்டில் கண்ணாடி உருகும் சூட்டில் அது முழுதாகக் கரையாமல் நிற்கும், புதுப் பாட்டிலில் அந்த இடம் பலவீனமாகி வெடிக்கும்.

சின்னப் பொருட்களையும் தனித்தனியாகப் போட்டால் பயனில்லை. சுமார் 5 சென்டிமீட்டருக்கும் சின்னவை ஆலையின் சல்லடையில் விழுந்து குப்பையோடு போய்விடும். பாட்டில் மூடியைக் கழற்றாமல் திருகி வைக்கச் சொல்வதும் அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பானப் பாட்டில்களில் மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அதேபோல் எல்லாம் கலந்து ஒரே தொட்டியில் எடுக்கும் ஊர்களில் பாட்டிலைத் தட்டையாக மிதித்துப் போட வேண்டாம். தட்டையாக இருப்பதைக் காகிதம் என்று நினைத்து இயந்திரம் அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

சரி, தவறான பொருளைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டீர்கள். இப்போது அதே தொட்டியை அடுத்த சுற்றுக்கு வையுங்கள். கலப்படத்துக்காக விட்டதை யாரும் தனியாகத் திரும்ப வந்து எடுக்க மாட்டார்கள், கேட்டுப் பிரயோசனமில்லை.

உணவுக்கழிவுத் தொட்டி நாறுகிறது

இங்கேதான் எல்லோரும் மனம் தளர்ந்து, "இது நமக்கு ஒத்துவராது" என்று மறுபடி எல்லாவற்றையும் ஒரே குப்பையில் கொட்ட ஆரம்பிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். நாற்றம் என்பது கிட்டத்தட்ட எப்போதுமே தண்ணீர்ப் பிரச்சினை. உணவுக்கழிவில் 70 முதல் 80 சதவீதம் தண்ணீர். அது அடியில் தேங்கினால் காற்றுப் புகாது, காற்றில்லாத இடத்தில் வளரும் நுண்ணுயிர்கள் முட்டை அழுகிய வாடையையும் புளித்த வாடையையும் கிளப்பும். தண்ணீரைக் குறைத்தால் வாடை குறையும், இவ்வளவுதான் விஷயம்.

அதனால் எதையும் தொட்டியில் போடும் முன் வடிகட்டியில் ஒரு நிமிடம் வைத்து வடியவிடுங்கள். குழம்பாக இருப்பதை, பாலை, எண்ணெயை நேரடியாக ஊற்றாதீர்கள். தொட்டியின் அடியில் செய்தித்தாளை நாலாக மடித்து விரியுங்கள், நடுநடுவே ஒரு தாளைக் கசக்கிப் போடுங்கள். காகிதம் ஈரத்தை உறிஞ்சுவதோடு இடையில் காற்றுக்கும் கொஞ்சம் வழி விடும். சமையலறைக்குள் இருக்கும் சின்னத் தொட்டியை நிறையும்வரை காத்திருக்காமல் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது வெளித்தொட்டிக்கு மாற்றுங்கள். வெளித்தொட்டியை வெயில் விழாத இடத்தில் வையுங்கள். மீன், இறைச்சி, எலும்பு இருந்தால் ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வண்டி வருவதற்கு முந்தின இரவு வெளியே போடுங்கள். சிலருக்கு ஃப்ரீசரில் குப்பையா என்று அருவருப்பாக இருக்கும். இரண்டு மணி நேரம் முன்பு அது தட்டில் இருந்த சாப்பாடுதான், உடனே உறையவைத்தால் கெடாது, நாறாது.

அப்படியும் வாடை இருக்கிறதென்றால் தொட்டியையே முகர்ந்து பாருங்கள். காலியான தொட்டி நாறினால் மூடியின் உள்பக்க விளிம்பிலும் கைப்பிடி சேரும் பள்ளத்திலும் ஏதோ ஊறிக் கிடக்கிறது. பழைய டூத் பிரஷ்ஷால் அந்த இடங்களைத் தேயுங்கள், வெந்நீரும் பாத்திர சோப்பும் போதும். பிறகு மூடியைத் திறந்து வைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் இரண்டே நாளில் மறுபடி வாடை.

ப்ளீச் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். அழுகும் உணவிலிருந்து அம்மோனியா வரும், ப்ளீச் அதோடு சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும். வினிகரோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரின் வாயு. இந்த இரண்டையும் ஒரே தொட்டியில் எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள். கழிவு உள்ளே இருக்கும்போது ப்ளீச் ஊற்றினால் அந்தக் கழிவை உரமாக்க வேண்டிய நுண்ணுயிர்களும் சாகும்.

புழு

புழுவைப் பார்த்ததும் தொட்டி ஓட்டை என்றோ புழு எங்கிருந்தோ ஏறி வந்தது என்றோ நினைக்கிறார்கள். புழு என்பது ஈயின் குஞ்சு, ஈ உள்ளே முட்டை வைத்தால்தான் புழு. தொட்டி விளிம்பின் உள்பக்கம், மூடி உட்காரும் பள்ளத்தில், ஒரு மில்லிமீட்டரை விடக் கொஞ்சம் நீளமாக, வெள்ளையாக, சின்ன அரிசி நொய் ஒட்டிக்கொண்டிருப்பது போலக் கொத்தாகத் தெரியும். அதுதான் முட்டை. வீட்டு ஈ ஒரு தடவையில் 100 முட்டை வரை, சில சமயம் அதற்கும் மேல் வைக்கும். வெப்பமான நாட்களில் ஒரே நாளுக்குள் பொரிந்துவிடும். பிறகு நான்கு முதல் ஏழு நாள் அந்தப் புழு தின்றுகொண்டே வளரும், வளர்ந்து முடித்ததும் கூட்டுப்புழுவாக மாற உலர்ந்த இடம் தேடிக் கிளம்பும். சுவரில் ஏறுகிற, மூடி இடுக்கில் நெளிகிற, தரையில் ஊர்கிற புழுக்கள் எல்லாம் அந்தக் கட்டத்தில் இருப்பவை. அப்படியென்றால் முட்டை வைத்து நாலைந்து நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம், தவறு அன்று நடந்ததல்ல, வாரத் தொடக்கத்தில் நடந்தது.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் தீர்வும் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவை தொட்டி முழுதாகக் காலியானால் புழு ஈயாக மாறுமுன் போய்விடும். ஒரு வாரம் வண்டி தவறினால், அல்லது நீங்கள் "பாதிதானே இருக்கிறது, அடுத்த வாரம் வைக்கலாம்" என்று விட்டால், கோடையில் ஒரு முழுத் தலைமுறை ஈ உங்கள் தொட்டியிலேயே பிறந்துவிடும். அதனால் கால் தொட்டியாக இருந்தாலும் ஒவ்வொரு வாரமும் வெளியே வையுங்கள்.

ஈ உள்ளே போவதைத் தடுப்பதுதான் மிச்ச வேலை. சமையலறை மேடையில் திறந்து வைத்திருக்கும் தட்டிலேயே ஈ முட்டை வைத்துவிடும், அது அப்படியே தொட்டிக்குள் போகும். மிச்சத்தை உடனுக்குடன் மூடுங்கள். இறைச்சி, மீன் கழிவைத் தாளில் சுற்றிப் போடுங்கள். மூடி சரியாக உட்காருகிறதா பாருங்கள், பையின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மூடிக்கு நடுவே இடைவெளி விழும், ஈக்கு அது போதும்.

இப்போதே தொட்டி முழுக்கப் புழு என்றால் பதற வேண்டாம். அவை மனிதரைக் கடிக்காது. வண்டி வரும்வரை மூடி வையுங்கள், காலியானதும் கொதிக்கும் வெந்நீரை விளிம்பைச் சுற்றி ஊற்றுங்கள், சோப்பால் தேயுங்கள், வெயிலில் காயவையுங்கள். வண்டிக்கு இன்னும் சில நாள் இருந்தால் மேலே உப்பைத் தூவினாலும் புழு வற்றிச் சாகும், ஆனால் கைப்பிடி அளவுக்கு மேல் வேண்டாம், உப்பு கூடினால் உரம் கெடும்.

குட்டிக் குட்டியாக, பழுப்பு நிறத்தில் தொட்டியைத் திறந்ததும் முகத்தில் மொய்ப்பவை பழ ஈக்கள். அவை வேறு இனம், அழுகும் பழத்தோலுக்கும் பாட்டில் அடியில் மிஞ்சிய இனிப்புக்கும் வரும். 25 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து ஈயாகப் பத்து நாள் பிடிக்கும். இவை மறுசுழற்சித் தொட்டியிலும் இருந்தால் நீங்கள் பாட்டில்களை அலசவில்லை என்று பொருள்.

பை கிழிகிறது, அடியில் ஒட்டிக்கொள்கிறது

மக்கும் பை மக்கத்தான் செய்யும், சில சமயம் உங்கள் தொட்டியிலேயே ஆரம்பித்துவிடும். சூடான கழிவைப் போடாதீர்கள், மூன்று நாளுக்கு மேல் ஒரே பையை வைத்திருக்காதீர்கள், தூக்கும்போது பையின் கழுத்தைப் பிடிக்காமல் அடியிலும் கை கொடுங்கள். பழைய பைச் சுருள் அலமாரியில் ஒரு வருடமாகக் கிடந்தால் அதுவே இற்றுப்போயிருக்கும். அளவாக வாங்குங்கள்.

"பயோடிகிரேடபிள்" என்று போட்ட பையெல்லாம் இதற்கு ஆகாது. தொழிற்கூடத்தில் உரமாகும் என்று சான்று பெற்ற பைதான் வேண்டும். ஐரோப்பாவில் அதற்கான தர அளவீடு இஎன் 13432. அதன்படி தொழிற்கூட உரக்குழியில் 12 வாரத்தில் பை சின்னச் சின்னத் துணுக்காகச் சிதைய வேண்டும். தொழிற்கூட உரக்குழி என்றால் 60 டிகிரியை ஒட்டிய சூடு. வீட்டுத் தோட்டத்து உரக்குழியில் அந்தச் சூடு வராது, அங்கே அதே பை பல மாதம் அப்படியே கிடக்கலாம்.

சில ஊர்களில் சாதாரண பிளாஸ்டிக் பையையே போடச் சொல்வதைப் பார்த்து ஏமாற்று வேலை என்று சிலர் கோபப்படுகிறார்கள். உணவுக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலைகள் பலவற்றில் எந்தப் பையாக இருந்தாலும் முதலில் கிழித்துப் பிரித்து எடுத்துவிடுவார்கள், உள்ளே இருப்பது மட்டும்தான் கலனுக்குப் போகும். அங்கே உங்கள் விலை உயர்ந்த மக்கும் பைக்கும் அதே கதிதான். எதைப் போடச் சொல்கிறார்களோ அதையே போடுங்கள்.

குளிர் நாடுகளில் கழிவு அடியில் உறைந்து, தொட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. அடியில் அட்டையோ தாளோ விரித்து, தொட்டியைச் சுவர் ஓரமாக வைத்து, காலையில் வெளியே எடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

பிராணிகள் கவிழ்த்துவிடுகின்றன

கைப்பிடியை முன்பக்கம் மடக்கினால் மூடி பூட்டிக்கொள்ளும் வகைத் தொட்டிகள் உண்டு, பலருக்கு அந்தப் பூட்டு இருப்பதே தெரியாது. முதலில் உங்கள் தொட்டியில் அது இருக்கிறதா பாருங்கள். மூடிமேல் கல் வைத்தாலோ கயிறு கட்டினாலோ வண்டி வரும் காலையில் எடுத்துவிடுங்கள், எடுக்கிறவர் அவிழ்த்துக்கொண்டிருக்க மாட்டார். பிளாஸ்டிக்கில் எலி கடித்த தடம் இருந்தால் ஒட்டுப் போட்டுப் பார்க்காமல் மாற்றுத் தொட்டி கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வண்டியில் கொட்டுகிறார்கள்

இதைப் பார்த்துப் பிரிப்பதையே விட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இப்போது பல லாரிகளில் உள்ளே தடுப்பு வைத்து இரண்டு மூன்று அறைகள் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வாய், உள்ளே தனித்தனி அறை. வண்டியின் பின்பக்கம் நின்று கொட்டுவதைக் கவனித்தால் எந்தத் தொட்டி எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். கலந்துதான் எடுக்கும் ஊரும் உண்டு, அங்கே காகிதம், டின், பாட்டில் ஒன்றாகப் போய் ஆலையில் பிரியும். ஆனால் உணவுக்கழிவும் மறுசுழற்சியும் தடுப்பே இல்லாத ஒரே அறையில் விழுவதைக் கண்ணால் பார்த்தால், நாள், நேரம், வண்டி எண்ணைக் குறித்துப் புகார் செய்யுங்கள். அதைச் சும்மா விடக் கூடாது. நீங்கள் வாரம் முழுக்கப் பிரித்த உழைப்பு அது.

அடுக்குமாடியில் பொதுத்தொட்டி, யாரோ ஒருவர் கெடுக்கிறார்

யார் என்று துப்பறிவதில் பயன் இல்லை, மனஸ்தாபம்தான் மிஞ்சும். தொட்டிகள் நிற்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். சாதாரணக் குப்பைத்தொட்டி வாசலுக்குப் பக்கத்திலும் மறுசுழற்சி தூரத்திலும் இருந்தால், கை நிறையப் பொருளோடு வருகிறவர் எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் போடுவார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். மறுசுழற்சி மூடியில் பாட்டில் மட்டும் நுழையும் வட்ட ஓட்டை, அட்டை மட்டும் நுழையும் பிளவு என்று இருந்தால் கட்டிய பை உள்ளே போகாது. அறிவிப்புப் பலகையைச் சுவரில் மாட்டாமல் மூடியிலேயே, கண்மட்டத்தில், எழுத்தைக் குறைத்துப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டுங்கள். அங்கே குடியிருப்பவர்கள் என்னென்ன மொழி பேசுகிறார்களோ அத்தனையிலும் ஒரு வரி. புதிதாகக் குடிவருகிறவருக்கு யாராவது ஒருவர் நேரில் காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை முளையிலேயே போய்விடும்.

தொட்டியில் புகை, சூடு, பொறி

நெருங்காதீர்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள். காரணம் பெரும்பாலும் லித்தியம் பேட்டரி. பவர் பேங்க், பழைய போன், எலெக்ட்ரானிக் சிகரெட், பாட்டுப் பாடும் பொம்மை எதிலும் பேட்டரி இருக்கலாம். லாரிக்குள் நசுங்கினால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தானே சூடாகித் தீப்பிடிக்கும், சுற்றிலும் காகிதம் வேறு. வண்டியில் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். பேட்டரி எந்தத் தொட்டிக்கும் ஆகாது. முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள்.

வாரா வாரம் விட்டுவிட்டுப் போகிறார்கள்

புதிதாக உணவுக்கழிவு எடுக்கத் தொடங்கிய ஊரானால் முதல் சில மாதம் தடுமாற்றம் இருக்கும், பாதைகள் இன்னும் படியவில்லை என்று அர்த்தம். தென் கொரியா 2005-லேயே உணவுக்கழிவை நேரடியாக நிலத்தில் புதைப்பதைத் தடை செய்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முடிவுக்குள் தனியாக எடுக்கவோ வீட்டிலேயே உரமாக்கவோ வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆகவே பல ஊர்களுக்கு இது இன்னும் புது வேலை.

தடுமாற்றக் காலம் தாண்டியும் தொடர்ந்தால் புகார் செய்யும் விதத்தை மாற்றுங்கள். பல இடங்களில் ஒன்றிரண்டு வேலைநாளுக்குள் சொன்னால்தான் ஏற்பார்கள், அதனால் அன்றே சொல்லுங்கள். "மறுபடியும் எடுக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் அதை ஒரு தனி நிகழ்வாகப் பதிந்து, ஒரு வண்டி அனுப்பி, மூடிவிடுவார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"உணவுக்கழிவுத் தொட்டி, செவ்வாய்க்கிழமை சுற்று. முந்தின இரவே வாசலில் பாதை ஓரமாக வைத்தேன், படம் இணைத்திருக்கிறேன். சீட்டு எதுவும் ஒட்டவில்லை. எதிர் வரிசை முழுக்க எடுத்துவிட்டார்கள், எங்கள் வரிசையில் முனை வீடு உட்பட மூன்று வீடுகள் விட்டுப்போயின. சென்ற மாதமும் இதே மூன்று வீடுகள்தான், பழைய புகார் எண்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். அன்றைய பதிவில் எங்கள் வீட்டுக்கு எதிரே என்ன காரணம் குறித்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பாதைப் பட்டியலில் இந்த மூன்று வீடுகளும் இருக்கின்றனவா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்."

கடைசி இரண்டு கேள்விகளும் முக்கியம். பல வண்டிகளில் ஜிபிஎஸ், கேமரா, பதிவு செய்யும் கருவி எல்லாம் உண்டு. "வெளியே வைக்கவில்லை", "கலப்படம்", "வழி அடைப்பு" என்று ஏதாவது ஒன்றைக் குறித்திருப்பார்கள், அந்தக் குறிப்பு தவறென்றால் உங்கள் படம் அதைக் காட்டிக்கொடுக்கும். சில சமயம் உங்கள் முகவரியே பட்டியலில் இருக்காது, குறிப்பாகப் புதிதாகக் கட்டிய வீடுகளும் இரண்டாகப் பிரித்த வீடுகளும். அதை யாராவது கணினியில் சேர்க்கும்வரை எத்தனை தடவை போன் செய்தாலும் வண்டி நிற்காது. அதே மாதிரி விட்டுப்போன பக்கத்து வீட்டுக்காரர்களையும் தனித்தனியாக அன்றே எழுதச் சொல்லுங்கள். மூன்று வீட்டிலிருந்து ஒரே நாளில் மூன்று புகார் வந்தால் அது பாதைக் கோளாறு என்று அவர்களுக்கே புரியும்.

தொட்டியைத் தள்ளிக்கொண்டு போக முடியாதவர் வீட்டில் இருந்தால், வயதோ உடல்நிலையோ காரணமாக இருந்தால், வாசலுக்கே வந்து எடுத்து அங்கேயே திரும்ப வைக்கும் உதவி பல ஊர்களில் உண்டு. கேட்டால்தான் தருவார்கள், பெரும்பாலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அந்த உதவி பதிவான வீட்டையே விட்டுவிட்டுப் போனால் புகாரின் முதல் வரியிலேயே அதைச் சொல்லுங்கள், சாதாரணமாக விட்டுப்போனதைவிட அதை அவசரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.